சுயமா புக் போடுற எழுத்தாளருக்கு நம்ம காசு எந்த வழியா போனா நல்லது?

“அவரோட நாவல் புடிச்சிருக்கு. கிண்டில்ல வாங்கவா, ப்ரிண்ட் வாங்கவா, ஜனவரி புக் ஃபேர் வரைக்கும் வெயிட் பண்ணவா, இல்ல பேசாம ஜிபே பண்ணி விட்றவா? எதுல வாங்குனா அவருக்கு நெசமா காசு போகும்?” கொஞ்ச நாளா இதே கேள்விய ஆளாளுக்கு கேக்குறாங்க. நல்ல கேள்விதான், ஏன்னா நாம குடுக்குற 200 ரூபா ஒரே 200 ரூபா இல்ல, போற வழிய பொறுத்து அவர் கைக்கு 110-ஆவும் போகும் 20-ஆவும் போகும், சில சமயம் ஒரு வருஷம் கழிச்சு போகும், சில சமயம் போகவே போகாது.

பொதுவா “நேர்ல வாங்குறதுதான் பெஸ்ட்”னு ஒரே வரில சொல்லிடுவாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. முதல்ல அந்த புக்க யார் காசுல அச்சடிச்சாங்கன்னு பாக்கணும். புக்கோட ரெண்டாவது பக்கத்துல பதிப்பகம் பேரு, முகவரி, பதிப்பு வருஷம் எல்லாம் இருக்குமே, அத பாருங்க. பதிப்பகத்தோட இடத்துல எழுத்தாளர் வீட்டு அட்ரஸே இருந்தா அவர் சொந்த காசுல அடிச்சிருக்கார்னு அர்த்தம். நோஷன் பிரஸ் மாதிரி பேரு இருந்தா ஆர்டர் வர வர அச்சடிக்கிற முறை. சின்ன பதிப்பகம்னா அவருக்கு ராயல்டி கணக்கு. அச்சே இல்லாம வெறும் மின்புத்தகம்னா அது வேற கத. இந்த நாலுல எதுன்னு தெரியாம வழிய தேர்வு பண்றதுல அர்த்தமே இல்ல.

எத வச்சு எடை போடுறேன்

ஒண்ணு, நூறு ரூபால எவ்ளோ அவர் கைக்கு போகுது. ரெண்டு, எப்போ போகுது (அடுத்த புக்குக்கு பிரஸ்ல அட்வான்ஸ் குடுக்கணும்னா இதுதான் முக்கியம்). மூணு, நம்மால இன்னொரு வாசகர் வருவாரா. நாலு, நமக்கு எவ்ளோ தொல்லை. அஞ்சாவது, வெளிய தெரியாத செலவு, அது எல்லாத்துலயும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு.

கணக்குக்கு 200 ரூபா விலை போட்ட ஒரு புக்க எடுத்துக்குவோம், அவரே 300 காப்பி அடிச்சார், காப்பிக்கு 90 ரூபா ஆச்சுன்னு வச்சுக்குவோம். மின்புத்தகம் விலை 100. எல்லாம் உதாரணக் கணக்குதான்.

| வழி | அவர் கைல நிக்கிறது | எப்போ | புது வாசகர் வருவாங்களா | நமக்கு தொல்லை |
|---|---|---|---|---|
| எழுத்தாளர்ட்ட நேரா | 110 சுத்தி | உடனே | ரொம்ப கம்மி | மெசேஜ் பண்ணணும், தபால் செலவு |
| கடை, அடுத்தவங்க ஸ்டால் | 40 சுத்தி | மாசக்கணக்குல | உண்டு | இல்ல |
| சின்ன பதிப்பகம், 10% ராயல்டி | 20 | வருஷக் கணக்கு | உண்டு | இல்ல |
| கிண்டில்ல வாங்குறது | 35 அல்லது 60 | ரெண்டு மாசம் | உண்டு | இல்ல |
| கிண்டில் அன்லிமிடெட் | படிச்ச பக்கத்துக்கு | ரெண்டு மாசம் | உண்டு | சந்தா |
| நேரா பணம் அனுப்புறது | முழுசா | உடனே | இல்ல | கூச்சம் |
| ரிவ்யூ, சிபாரிசு | நேரடியா இல்ல | தெரியாது | நிறைய | அரை மணி நேரம் |

எழுத்தாளர்ட்டயே நேரா வாங்குறது

சொந்த காசுல அடிச்சவருக்கு இதுக்கு மேல வழி கிடையாது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல கட்டிலுக்கு அடில பழுப்பு பேப்பர் சுத்துன கட்டுகள், ஒவ்வொண்ணுலயும் இருபத்தஞ்சு காப்பி, சணல் கயிறு, மேல பிரஸ்காரர் மார்க்கர்ல கிறுக்குன தலைப்பு, அதுவும் பாதி பேர்தான். மழைக்காலத்துல தரை ஈரம் ஏறி அடிக்கட்டு காப்பிங்கள்ல ஓரம் அலையலையா நெளிஞ்சு போச்சு, அத யாருக்கும் விக்க முடியாது. அவருக்கு அந்த கட்டு ஒவ்வொண்ணும் பூட்டி வச்ச பணம், நாம ஒரு காப்பி வாங்குனா அதுல கொஞ்சம் பூட்டு திறக்குது, அதான் விஷயம்.

யுபிஐல அனுப்புறதுக்கு கமிஷன் கிடையாது, அச்சு புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது, அதனால குடுக்குற காசு ஒடையாம போகும். பிரச்சன தபால்தான். பதிவு புத்தக அஞ்சல்னு ரொம்ப மலிவா ஒண்ணு இருந்துச்சு, 2024 டிசம்பர்ல திடீர்னு நிறுத்திட்டாங்க. 2025 மே மாசம் ஞான் போஸ்ட்னு புதுசா கொண்டு வந்தாங்க, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோவுக்கு 100 ரூபா, வரி தனி. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வியாபார நோக்கத்துல போட்ட பதிப்புக்கு இது இல்லன்னு ஒரு விதி வச்சிருக்காங்க, அதுக்கு கவுண்டர்ல இருக்குறவர் என்ன அர்த்தம் எடுத்துக்குறாரோ அதுதான் சட்டம். இல்லன்னா கூரியர், 60 70 ரூபா ஆயிடும். அதனால “தபால் செலவு நீங்களே பாத்துக்கோங்க சார், உங்க புக்குதானே”னு பேரம் பேசாதீங்க, அவர் லாபத்துல பாதி அங்கயே போயிடும். ரெண்டு மூணு பேரா சேந்து ஒரே பார்சலா வாங்குனா எல்லாருக்கும் நல்லது.

இதோட இன்னொரு குறை, இந்த விற்பனை யார் கண்லயும் படாது. எந்த லிஸ்ட்லயும் ஏறாது, எந்த ஆப்பும் அடுத்தவருக்கு இத காட்டாது. அவர் பாக்கெட்டுக்கு நல்லது, அவர் பேருக்கு பெருசா ஒண்ணும் ஆகாது.

கடை, புத்தகக் கண்காட்சி

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல வருஷா வருஷம் பபாசி (பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்கள் சங்கம்) நடத்துற சென்னை புத்தகக் காட்சி 1977-ல ஆரம்பிச்சது, அங்க போய் வாங்குற சுகமே தனி, நான் மறுக்கல. ஆனா தனியா புக் போட்டவர் ஸ்டால் எடுக்குறது நடக்குற காரியமில்ல, வாடகை கட்டுப்படி ஆகாது, தெரிஞ்ச பதிப்பகத்து ஸ்டால்ல பத்து இருபது காப்பி வைப்பார். அங்க வழக்கமான 10% தள்ளுபடி நமக்கு, 25 30 சதவீதம் ஸ்டால்காரருக்கு, மிச்சம் அவருக்கு. கடைகள்ல வச்சாலும் இதேதான், 35 40 சதவீதம் கழிவு, அதுவும் வித்தா தான் காசு, வித்து மாசக்கணக்கா ஆனப்புறம் இவரே நாலு தடவ போன் பண்ணி கேக்கணும். கேட்டா மூஞ்சி மாறும். பல பேர் கேக்காமலே விட்டுடறாங்க.

அப்போ எதுக்கு அங்க வாங்கணும்? கடைக்காரர் மூளைல பதியுறதுக்குத்தான். வச்ச அஞ்சு காப்பியும் ஒரு மாசத்துல போச்சுன்னா அடுத்த பத்து அவரே கேப்பார், கண்ணு படுற எடத்துல வைப்பார். உங்க ஊர்ல நல்ல கடை ஒண்ணு இருந்தா “இந்த புக் இருக்கா?”னு கேக்குறதே ஒரு உதவி, இல்லன்னாலும் கேளுங்க. முதல் புக் போட்டு யாருக்கும் பேர் தெரியாம இருக்குறவருக்கு, கைக்கு வர்ற 40 ரூபாய விட இது பெருசு.

சின்ன பதிப்பகம் போட்ட புக்குன்னா கணக்கு வேற. நீங்க எங்க வாங்குனாலும் எழுத்தாளருக்கு பெரும்பாலும் 10% தான், அதனால பதிப்பகத்துட்டயே நேரா வாங்குங்க. கடைக்குப் போற கழிவு அவங்களுக்கு மிச்சமாகும், அடுத்த புதுமுகத்த போட அவங்களுக்கு தெம்பு வரும். ஆன்லைன் தளங்கள்ல வாங்குறீங்கன்னா விக்கிறது யாருன்னு பேர பாருங்க, ஒரே புக்க நாலு பேர் விப்பாங்க, விலை கம்மின்னு எடுத்தா அது யாரோ படிச்சு முடிச்ச பழைய காப்பியா கூட இருக்கும், அதுல அவருக்கு ஒரு பைசா இல்ல.

கிண்டில்ல காசு குடுத்து வாங்குறது

அமேசான்ல யார் வேணா மின்புத்தகம் போடலாம், 35% 70%னு ரெண்டு ராயல்டி. இந்திய விற்பனைக்கு 70% வேணும்னா கேடிபி செலக்ட்னு அமேசானுக்கு மட்டும் குடுக்குற திட்டத்துல சேரணும், அதுல சேந்தா 90 நாள் ஒப்பந்தம், அந்த மின்புத்தகத்த வேற எங்கயும் வைக்கக்கூடாது. அச்சு புக்குக்கு இந்த தடை இல்ல. 70% எடுத்தா ஃபைல் சைஸுக்கு எம்பிக்கு 7 ரூபா கழிப்பாங்க, அதனால படம் போட்ட புக்குக்கு நஷ்டம். 100 ரூபா புக், 2 எம்பின்னா 60 ரூபா சுத்தி வரும், அதுலயும் வரி கிரி போகும். அச்சுக் கூலி, பார்சல், டேப்பு, கயிறு எதுவும் இல்லாம இவ்ளோ வர்றது மோசமில்ல. அடுத்தவர் ஸ்டால்ல விக்கிறத விட இது மேல்.

ஒளிஞ்சிருக்குற செலவு அந்த 90 நாள் கட்டுப்பாடுதான். யாரோ ஒருத்தர் அந்த புக்க பிடிஎஃப் ஆக்கி டெலிகிராம்ல போட்டுட்டா, “வேற எடத்துலயும் கெடைக்குதே, ஒப்பந்தத்த மீறிட்டீங்களே”னு எழுத்தாளருக்கே நோட்டீஸ் வரலாம். திருட்டு குடுத்தவர்தான் பதில் சொல்லணும். “பிடிஎஃப் இருக்கா ப்ரோ”னு க்ரூப்ல கேக்குறவங்க இத தெரிஞ்சுதான் கேக்குறாங்களான்னு எனக்கு சந்தேகம்.

கிண்டில் அன்லிமிடெட்

சந்தா கட்டிட்டு, செலக்ட்ல சேத்த புக்குகள தனியா காசு குடுக்காம படிக்கிற திட்டம் இது. இத பத்திதான் நெறைய தப்புக் கணக்கு ஓடுது. “சந்தால படிச்சா அவருக்கு என்ன கெடைக்கப் போவுது”னு சிலர், “டவுன்லோட் பண்ணிட்டேன், சப்போர்ட் பண்ணியாச்சு”னு சிலர். ரெண்டுமே தப்பு. டவுன்லோட் பண்ணா ஒண்ணும் இல்ல, நாம முதல் தடவ படிக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும்தான் காசு. ரேட்டு மாசா மாசம் மாறும், இந்தியாவுல பைசா கணக்குதான். பத்து பைசான்னு வச்சா 250 பக்க நாவல முழுசா படிச்சா 25 ரூபா, முப்பது பக்கத்துல மூடி வச்சா 3 ரூபா. திரும்ப படிச்சா கிடையாது. படிச்சது நெட் கனெக்ட் ஆனப்புறம்தான் கணக்குல ஏறும், அதனால ஃபிளைட் மோட்ல படிக்கிற பழக்கம் இருந்தா முடிச்சதும் ஒருக்கா சிங்க் பண்ணி விடுங்க.

பத்து சதவீத ராயல்டில 20 ரூபா வர்ற எடத்துல, நம்ம சந்தாக்கு மேல ஒத்த ரூபா கூட போடாம 25 ரூபா போகுது, பாருங்க. ஏற்கனவே சந்தா கட்டுறவங்களுக்கு இதுதான் கையில இருக்குற பெரிய ஆயுதம். மாசத்துக்கு பத்து பதினஞ்சு கதை படிக்கிற ஆளுங்க, முக்கியமா குடும்ப நாவல் வாசகிகள், பல எழுத்தாளர்களுக்கு மாச வருமானமே இவங்கதான். அந்த உலகத்துல ஒரு வழக்கம் உண்டு, அத்தியாயம் அத்தியாயமா ஃப்ரீயா போடுவாங்க, கதை முடிஞ்சதும் “லிங்க் மூணு நாள்ல எடுத்துடுவேன் டியர்ஸ்”னு சொல்லிட்டு அமேசான்ல ஏத்திடுவாங்க. எடுக்குறது மேல கோவிச்சுக்காதீங்க, நான் மேல சொன்ன ஒப்பந்தம்தான் காரணம்.

ஒரு சின்ன விஷயம். செலக்ட்ல இருக்குற புக்க 90 நாளுக்கு அஞ்சு நாள் இலவசமா குடுக்க விடுவாங்க. அன்னிக்கு சந்தா இருக்குறவங்க ரெண்டு பட்டன் பாப்பீங்க, ஒண்ணு பூஜ்ய ரூபாய்க்கு வாங்குறது, ஒண்ணு அன்லிமிடெட்ல படிக்கிறது. ரெண்டாவத அழுத்துங்க. முதல்ல உள்ளத அழுத்துனா எத்தன பக்கம் படிச்சாலும் அவருக்கு பூஜ்யம்.

பிரதிலிபி மாதிரி தொடர்கதை ஆப்

பிரதிலிபி 2014-ல ஆரம்பிச்ச பெங்களூர் கம்பெனி, தமிழ்ல பெரிய கூட்டம் இருக்கு. ஆப்ல காயின் வாங்கி எழுத்தாளருக்கு ஸ்டிக்கரா குடுக்கலாம், சந்தா கட்டலாம். தொடர் முடியிற வரைக்கும் கூட வர்ற வாசகர் கிடைக்கிறதுதான் எழுத்தாளருக்கு அங்க லாபம், பணம் ரெண்டாம்பட்சம். போன்ல ஆப் ஸ்டோர் வழியா கட்டுனா 15-லேருந்து 30 சதவீதம் வரைக்கும் கூகுளும் ஆப்பிளும் எடுத்துக்கலாம், அதுக்கப்புறம் ஆப் கம்பெனி பங்கு, மிச்சம்தான் அவருக்கு. படிக்கிறதுக்கு அங்க படிங்க, பெரிய தொகை குடுக்கணும்னா வேற வழி பாருங்க.

பணமா அனுப்புறது, முன்பதிவு

வெறும் பணம் அனுப்புறதுல நஷ்டம் எதுவும் இல்ல, கூச்சம் மட்டும்தான். நம்ம ஊர்ல எழுதுறவங்களுக்கு சும்மா பணம் வாங்குறது என்னவோ மாதிரி இருக்கும், “அட வேணாம்ங்க”னு திருப்பி அனுப்புனவங்களையும் தெரியும். அதவிட முன்பதிவு நல்லது. அடுத்த புக்குக்கு இப்பவே காசு கட்டுறது, பிரஸ்ல அட்வான்ஸ் குடுக்க முடியும், எத்தன காப்பி அடிக்கலாம்னும் தெரியும், 300 அடிச்சு 200 கட்டிலுக்கு அடில போறது நிக்கும். இதொண்ணும் புதுசு இல்ல, உ.வே.சா. 1887-ல சீவக சிந்தாமணி கொண்டு வர்றதுக்கு முன்னாடியே வாங்குறோம்னு கையொப்பம் வாங்கிட்டுதான் வேலைய ஓட்டுனார். இதுல நாம ஏத்துக்குற ரிஸ்க் தாமதம். மார்ச்னு சொன்னது ஆகஸ்ட்ல வரும், வராமலும் போகும். முன்னாடி ஒரு புக்காவது சொன்னபடி கொண்டு வந்தவருக்கு கட்டுங்க, முதல் புக்குக்கு கட்டுனா அத திரும்பி வராத காசுன்னு நெனச்சே கட்டுங்க.

மாசா மாசம் பேட்ரியான் மாதிரி தளத்துல கட்டுறது நம்ம ஊருக்கு சரியா செட் ஆகல. 2021 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் தானா காசு எடுக்குற முறைக்கு புது விதி கொண்டு வந்ததுலேருந்து வெளிநாட்டு தளங்களுக்கு நம்ம கார்டு பாதி நேரம் வேலை செய்யாது. அதே வருஷம் பேபாலும் உள்ளூர் பரிவர்த்தனைய நிறுத்திடுச்சு. உள்ளூர்லயே இருக்குறவங்களுக்கு யுபிஐ இருக்க இதெல்லாம் தலைவலி.

வெளிநாட்ல இருக்குறவங்க

உங்களுக்கு மேல சொன்னது கொஞ்சம் தலைகீழா மாறும். ஏர்மெயில்ல அச்சு புக் வரவழைச்சா தபால் செலவு புக் விலைய தாண்டிடும், அந்த காசு எழுத்தாளருக்கு போகாது. உங்களுக்கு கிண்டில்தான் சரி. அமெரிக்க ஸ்டோர்ல அன்லிமிடெட் பக்கத்துக்கு அரை சென்ட்டுக்கு கொஞ்சம் கம்மி, இந்திய ரேட்ட விட பல மடங்கு, அதே 250 பக்கத்துக்கு ஒரு டாலருக்கு மேல போகும். நியூஜெர்சில உக்காந்து ஒருத்தர் முழுசா படிக்கிறது இங்க நாலு பேர் படிக்கிறதுக்கு சமம்.

நன்கொடையா அனுப்பணும்னு தோணுச்சுன்னா ஒரு எச்சரிக்கை. நீங்க வேற நாட்டு குடியுரிமை வாங்கியிருந்தா, ஓசிஐ (வெளிநாட்டு குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்கு குடுக்குற) கார்டு இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைக்கான எப்சிஆர்ஏ சட்டத்துல நீங்க வெளிநாட்டு ஆள்தான். பதிவு பண்ண பத்திரிகைல பத்தி எழுதுறவர், ஆசிரியர், பதிப்பாளர் இவங்கெல்லாம் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது. நம்ம எழுத்தாளர்கள்ல அப்படி ஏதாவது ஒரு பத்தி எழுதாதவங்க யாரு? புக்குக்கு விலையா குடுக்குறது வியாபாரம், அதுக்கு இந்த சட்டம் வராது. அதனால இருபது காப்பிக்கு காசு கட்டி இங்க உங்க ஸ்கூலுக்கோ சொந்தக்காரங்களுக்கோ அனுப்ப சொல்லிடுங்க, எல்லாருக்கும் நிம்மதி. உள்ளூர் ஆளா இருந்தாலும் ஒண்ணு, உறவுக்காரர் இல்லாதவங்கட்டேருந்து வருஷத்துக்கு மொத்தம் 50,000 ரூபா தாண்டி அன்பளிப்பு வந்தா வாங்குனவர் வரி கட்டணும்.

டொராண்டோ, சிங்கப்பூர் மாதிரி ஊர்ல இருந்தா உங்க பொது நூலகத்துல தமிழ் புக்குக்கு சிபாரிசு குடுக்க வழி இருக்கு, பயன்படுத்துங்க.

நூலகம்

தமிழ்நாட்ல வீட்டு வரி கட்டுறப்போ அதோட 10% நூலக வரியும் சேத்துதான் கட்டுறோம், 1948 சட்டத்துலேருந்து வர்ற ஏற்பாடு. அதாவது காசு ஏற்கனவே குடுத்தாச்சு, என்ன புக் வாங்கணும்னு மட்டும் சொல்லாம இருக்கோம். ஒரு நூலக ஆணை கிடைச்சா சின்ன பதிப்பாளருக்கு மொத்தமா காப்பி போகும், கட்டிலுக்கு அடில காலியாயிடும். ஆனா பணம் வர ரொம்ப நாள் ஆகும், நம்ம ஒருத்தர் சிபாரிசுல அது நடந்துடாது. ஐஎஸ்பிஎன் (புக்கோட அடையாள எண்) இல்லாத புக்குன்னா பேச்சே இல்ல, அந்த எண் இந்தியாவுல இலவசமாவே கிடைக்கும், தெரிஞ்ச எழுத்தாளர் வாங்காம இருந்தா வாங்க சொல்லுங்க.

காசே இல்லன்னா

ஸ்டூடண்ட்ஸ் நெறைய பேர் கேட்டீங்க. ரிவ்யூ எழுதுங்க, ஆனா “அருமை தோழர், வாழ்த்துகள்” வேணாம், அத படிச்சு யாரும் புக் வாங்குனதில்ல. கதை எந்த ஊர்ல நடக்குது, எப்படிப்பட்ட ஆளுங்களுக்கு புடிக்கும், எது உங்களுக்கு ஒத்து வரல, இந்த மூணும் நாலு வரில இருந்தா போதும். குறை சொன்ன ரிவ்யூவ நம்பி வாங்குறவங்கதான் அதிகம், நானே அப்படித்தான். சொந்தக்காரங்க, நெருங்குன நண்பர்கள் அமேசான்ல போடுற ரிவ்யூவ அவங்க தூக்கிடுவாங்க, அதனால எழுத்தாளரோட மச்சான் நீங்கன்னா குட்ரீட்ஸ்லயோ வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயோ எழுதுங்க. இது பணத்துக்கு மாற்று இல்ல, காசு இருக்குறவங்க “நான் ஷேர் பண்ணேனே”னு தப்பிக்க வேணாம்.

வெளியீட்டு விழால கையெழுத்து போட்டு ஃப்ரீயா ஒரு காப்பி குடுத்தா வாங்கிக்கோங்க, மறுத்தா அவருக்கு சங்கடம். வெளிய வர்றப்போ வாசல்ல டேபிள் போட்டு ஒருத்தர் கணக்கு நோட்டோட உக்காந்திருப்பார், அவர்ட்ட 200 ரூபா குடுத்து இன்னொண்ணு வாங்கி, கூட வந்தவர் கைல குடுத்துடுங்க.